ஊசி பிடித்தவர்கள்

1911 ஜூலை மாதத்தில் ஒரு காலை நேரம். காலை என்று பழக்கத்தில் சொல்கிறேன். அண்டார்க்டிகாவின் நடுக் குளிர்காலம் அது. சூரியன் மறைந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆப்ஸ்லி செர்ரி-காரார்ட் என்கிற 25 வயது ஆங்கிலேயர் கூடாரத்தைவிட்டு வெளியே வருகிறார். நிமிர்ந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்க்கிறார். பிறகு தலையை இறக்கப் பார்த்தால் இறங்கவில்லை. போட்டிருந்த உடுப்பு கழுத்தோடு சேர்ந்து பலகை மாதிரி இறுகிவிட்டது. அதற்கு ஒரு பதினைந்து வினாடி ஆகியிருக்கும் என்று பின்னாளில் எழுதினார். அடுத்த நான்கு மணி நேரம் அண்ணாந்த தலையோடுதான் வண்டி இழுத்தார். அதற்குப் பிறகு அவரும் கூட இருந்த இரண்டு பேரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்த கையோடு, வண்டி இழுப்பதற்குத் தோதாகக் குனிந்து நின்றுவிட வேண்டும். உறைவதென்றால் அந்த நிலையில் உறையட்டும்.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சாப்ளின் படத்துக் காட்சி மாதிரி இருந்தது. புத்தகத்தை மூடிவைத்த பிறகுதான் ஒரு சந்தேகம். துணி உறைய வேண்டுமென்றால் அதில் ஈரம் இருக்க வேண்டுமே? அந்தக் குளிரில் மழை கிடையாது. வெளியே கிடப்பதெல்லாம் மாவு மாதிரி உலர்ந்த பனி, தட்டினால் உதிர்ந்துவிடும். அப்படியானால் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அவரிடமிருந்துதான். அது அவருடைய வேர்வை.

வெயில் ஊர்க்காரர்களுக்கு வேர்வை ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். ஃபேனுக்குக் கீழே நின்றால் அதுவே சுகமாகவும் ஆகிவிடும். உடம்பைக் குளிரவைப்பதற்காக உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அந்த ஏற்பாடு துருவத்திலும் நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். கனமான பாரத்தை இழுக்கிற மனிதனுக்கு மைனஸ் 60 டிகிரியிலும் வேர்க்கும். வேர்வை ஆவியாகி உள்சட்டையைத் தாண்டி, கம்பளியைத் தாண்டி, காற்றுப் புகாத மேலாடையில் போய் முட்டி, அங்கே பனிக்கட்டியாகப் படியும். இரவு தூக்கப்பைக்குள் புகுந்தால் உடம்புச் சூட்டில் அது உருகும், பை நனையும். காலையில் பை உறையும். காயவைக்க வெயிலும் கிடையாது, எரிபொருளும் போதாது. நாளுக்கு நாள் இந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும், கழிவதே இல்லை.

செர்ரி-காரார்டும் எட்வர்ட் வில்சனும் ஹென்றி பவர்ஸும் கிளம்பியது எம்பரர் பென்குயின் முட்டைகளுக்காக. அந்தப் பறவை நடுக் குளிர்காலத்தில் முட்டையிடும். அதன் கருவை ஆராய்ந்தால் பறவைகள் ஊர்வனவற்றிலிருந்து வந்த வழி தெரியும் என்று வில்சன் நம்பினார். தங்கியிருந்த கேப் எவன்ஸிலிருந்து கேப் குரோசியருக்கு நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஜூன் 27ஆம் தேதி புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 1ஆம் தேதி திரும்பினார்கள். ஆளுக்கு நூறு கிலோவுக்கு மேல் பாரம். நாய் இல்லை, குதிரை இல்லை. மூன்று பேரும் தோளில் பட்டை மாட்டிக்கொண்டு இழுத்தார்கள். வெப்பநிலை ஒரு நாள் மைனஸ் 60.8 டிகிரிக்குப் போனது. விரல்களில் கொப்புளம் வந்து கொப்புளத்துக்குள் இருந்த நீரும் உறைந்தது. செர்ரிக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டால் பனி படியும் என்பதால் அந்த இருட்டில் கண்ணாடி இல்லாமலே நடந்தார். குளிரில் தாடை அடித்துக்கொண்ட வேகத்தில் பற்கள் உடைந்தன. புயலில் கூடாரம் பறந்துபோனது. கல் அடுக்கிக் கட்டிய குடிசையின் துணிக்கூரையும் பறந்துபோனது. பைக்குள் சுருண்டு, மேலே பனி மூட மூடச் சாவுக்காகக் காத்துக் கிடந்தார்கள். புயல் ஓய்ந்த பிறகு கூடாரம் கொஞ்ச தூரத்தில் முழுசாகக் கிடைத்தது. அதற்குப் பிறகு பவர்ஸ் தூங்கும்போது ஒரு கயிற்றால் கூடாரத்தைத் தன்னோடு கட்டிக்கொண்டு தூங்கினார். போனால் சேர்ந்தே போவோம் என்கிற மாதிரி.

திரும்பி வந்து எடை போட்டபோது மூன்று தூக்கப்பைகளும் சேர்ந்து, கிளம்பும்போது இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தன. கூடிய எடை முழுக்க பனிக்கட்டி. ஐந்து வாரம் மூன்று மனிதர்கள் விட்ட மூச்சும் வேர்வையும். அதையும் சேர்த்துத்தான் இழுத்து வந்திருக்கிறார்கள்.

கொண்டுவந்தது மூன்று முட்டை.

*

இது ஏதோ ஆங்கிலேயர்களுக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. நார்வேக்காரரான ஃபிரிட்யோஃப் நான்சென் குளிரைப் பற்றித் தெரியாதவரா? 1895இல் ஃப்ராம் கப்பலைவிட்டு இறங்கி ஹ்யால்மர் யோஹான்சென் கூட வர வடதுருவத்தை நோக்கி நடந்தபோது, கம்பளி உடுப்பே போதும் என்று தோல் உடுப்பைக் கப்பலிலேயே விட்டுவிட்டார். வேர்வை உறைந்து உடுப்பு இரும்புக் கவசம் மாதிரி ஆனது. நடக்க நடக்கச் சட்டைக் கையின் விளிம்பு மணிக்கட்டை அறுத்துப் புண்ணாக்கியது. அந்தத் தழும்பு கடைசிவரை போகவில்லை. ஒரு சட்டைக் கை அறுத்த தழும்பு!

அதே இருவரும் அடுத்த குளிர்காலத்தை ஃபிரான்ஸ் ஜோசப் தீவுகளில் ஒரு கல் பொந்துக்குள் கழித்தார்கள். கரடி இறைச்சி, வால்ரஸ் கொழுப்பு, தூக்கம். மாற்றுத்துணி கிடையாது. போட்டிருந்த துணியில் கொழுப்பும் புகையும் ஏறி உடம்போடு ஒட்டிக்கொண்டது. சோப்பு இல்லாததால் சட்டையைக் கழற்றிக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். சுரண்டி எடுத்த கொழுப்பையும் வீணாக்கவில்லை, அடுப்புக்குப் போட்டார்கள். துருவ வீரர்களின் சாகசங்களைச் சிறுவர் புத்தகமாக எழுதுகிறவர்கள் இதையெல்லாம் ஏன் விட்டுவிடுகிறார்களோ தெரியவில்லை. பையன்களுக்கு இதுதான் பிடிக்கும்.

*

அந்த வட்டாரத்திலேயே மனிதர்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக இருந்து வந்தார்கள், பிள்ளை பெற்று வளர்த்தார்கள். அவர்களுக்கும் வேர்க்கும். அவர்கள் என்ன போட்டிருந்தார்கள்?

கனடாவின் இனுயிட் மக்களுடைய குளிர்கால உடுப்பு கரிபூ என்கிற பனிமானின் தோல். அந்த மானின் மயிர் உள்ளே பொள்ளலானது, ஒவ்வொன்றும் காற்றை அடைத்துவைத்திருக்கும் ஒரு குழாய். உடுப்பு இரண்டு அடுக்கு. உள்ளே போடுவதில் மயிர் உடம்பைப் பார்த்திருக்கும், வெளியே போடுவதில் மயிர் வெளியே இருக்கும். பொத்தான் கிடையாது. தொளதொளவென்று தலைவழியாக மாட்டிக்கொள்வது. உடம்புக்கும் தோலுக்கும் நடுவில் காற்று உலவ வேண்டும். வேர்க்கிற மாதிரி இருந்தால் கழுத்துப் பக்கம் கொஞ்சம் தளர்த்திவிட்டால் சூடு மேலே கிளம்பிப் போய்விடும். ஆக, குளிரை நிறுத்துவது அந்த உடுப்பின் ஒரு வேலைதான். வேர்வை சேராமல் பார்த்துக்கொள்வது அதே அளவுக்கு முக்கியமான இன்னொரு வேலை.

இதில் தையல்தான் உயிர். பனிமானின் முதுகுத் தசைநாணைப் பிரித்து நூலாக்குவார்கள். நனைந்தால் அந்த நூல் ஊதி, ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் போடும் சீல் தோல் காலணிக்கு வேறு தையல். ஊசி ஒரு தோலை முழுதாகத் துளைத்து, அடுத்த தோலின் பாதி கனத்தில் மட்டும் நுழைந்து திரும்பும். எந்த இடத்திலும் துளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகாது. காகிதத்தின் பாதி கனத்தில் ஊசி ஏற்றுவது போன்ற வேலை அது. எலும்பு ஊசியை வைத்துக்கொண்டு அதைச் செய்தார்கள். விறைத்த தோலைப் பல்லால் மென்று பதமாக்கினார்கள்.

எல்லாத் தோலும் ஆகாது. கோடை முடியும் சமயத்தில், புதிய மயிர் முளைத்து அளவோடு இருக்கும்போது வேட்டையாடிய மானின் தோல்தான் உடுப்புக்குச் சரி. அதற்குப் பின் என்றால் மயிர் கனத்துவிடும். கடல் பனிக்கு இறங்கிய பிறகு பனிமான் தோலைத் தைக்கக் கூடாது என்ற விலக்கும் நெட்சிலிக் மக்களிடம் இருந்தது. ஆக, வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு வருடத்து உயிர்க்காப்பு சில வாரங்களுக்குள் தைத்து முடிய வேண்டும். தைத்தவர்கள் பெண்கள். ஒரு தையல் விட்டுப்போனால் வேட்டைக்குப் போனவன் திரும்ப மாட்டான். பெண் துணையில்லாமல் அங்கே ஒரு வேட்டைக்காரன் வாழ முடியாது என்பதன் அர்த்தம் அதுதான்.

*

கனடாவின் வடக்கே கிங் வில்லியம் தீவு என்று ஒன்று இருக்கிறது. துருவ வரலாற்றில் இதைவிட விசித்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை.

1845இல் சர் ஜான் ஃபிராங்க்ளின் எரெபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களோடு வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் போனார். இந்தத் தீவின் அருகே கப்பல்கள் பனியில் மாட்டிக்கொண்டன. 1848 ஏப்ரலில் மிச்சமிருந்த 105 பேர் கப்பலைக் கைவிட்டுத் தெற்கே நடக்க ஆரம்பித்தார்கள். ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. மொத்தம் 129 பேர். 1859இல் தேடி வந்த மெக்ளின்டாக் குழுவினர் கரையில் ஒரு படகைக் கண்டார்கள். சறுக்குவண்டிமேல் ஏற்றிய கனமான படகு, உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள். கூடவே பட்டுக் கைக்குட்டைகள், வாசனை சோப்பு, சீப்பு, வீட்டுக்குள் போடும் செருப்பு, வெள்ளிக் கரண்டிகள், புத்தகங்கள். நிலமே தெரியாத பனியில் செத்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் இதையா இழுத்தார்கள் என்று தோன்றும். எனக்கென்னவோ கேலி செய்ய மனசு வரவில்லை. வீட்டை விட்டு மூன்று வருடமாகிவிட்டால் ஒரு சீப்பைக் கீழே போடுவதும் கஷ்டம்தான்.

அந்த மனிதர்கள் பசியில் ஒருவரையொருவர் தின்னும் நிலைக்கு வந்தார்கள் என்று இனுயிட் மக்கள் சொன்னதை 1854இல் ஜான் ரே என்ற மருத்துவர் லண்டனுக்குக் கொண்டுவந்தார். ரே இனுயிட் உடுப்பைப் போட்டு, பனிவீடு கட்டித் தூங்கி, அவர்களைப் போலவே பயணம் செய்தவர். சார்லஸ் டிக்கன்ஸ் பத்திரிகையில் எழுதி மறுத்தார். காட்டுமிராண்டிகளின் பேச்சை நம்பி ஆங்கில மாலுமிகளைச் சந்தேகிப்பதா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். பின்னால் கிடைத்த எலும்புகளில் வெட்டுத் தழும்புகள் இருந்தன. எரெபஸ் மூழ்கிய இடமும் 2014இல் அந்த மக்களின் வாய்மொழிக் கதைகள் காட்டிய பகுதியில்தான் கிடைத்தது.

இப்போது அதே தீவின் தென்கிழக்குக் கரை, 1903. யோவா என்ற சின்னக் கப்பலில் ஆறு பேரோடு ரோவால்ட் அமுண்ட்சென் வந்து சேர்கிறார். இரண்டு குளிர்காலம் அங்கே தங்கினார். நெட்சிலிக் மக்களிடம் பொருளுக்குப் பொருள் மாற்றித் தோல் உடுப்புகள் வாங்கினார். போட்டுப் பார்த்தார். கம்பளியைக் கழற்றிப் போட்டுவிட்டு, தொளதொளப்பாகப் போடுவது எப்படி, வேர்க்காமல் நடப்பது எப்படி, நாயை ஓட்டுவது எப்படி என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 129 பேர் மடிந்த பகுதியில்தான் ஒருவர் சௌகரியமாக உடுத்தப் படித்துக்கொண்டு போனார். அந்தக் கரைக்கு இன்றும் யோவா ஹேவன் என்றுதான் பெயர்.

இதை வைத்து ஃபிராங்க்ளின் ஆட்கள் முட்டாள்கள் என்று முடித்துவிடுவது சுலபம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஆளுக்கு இரண்டு அடுக்கு உடுப்பு என்றால் ஆறேழு மான் தோலாவது வேண்டும். 105 பேருக்கு? அவ்வளவு மானும், அவ்வளவு தோலைத் தைக்கும் கைகளும் அந்தத் தீவில் எங்கே இருந்தன? அமுண்ட்சென்னோடு வந்தது ஆறே பேர். அந்த உடுப்பு ஒரு குடும்பத்தின் அளவுக்கு உருவானது, ஒரு கடற்படையின் அளவுக்கு இல்லை.

ஸ்காட் விஷயத்திலும் அப்படித்தான். 1911 டிசம்பர் 14 அன்று அமுண்ட்சென் தென்துருவத்தை அடைந்தார். ஸ்காட் போய்ச் சேர்ந்தது 1912 ஜனவரி 17. திரும்பும் வழியில் ஸ்காட்டும் நான்கு தோழர்களும் இறந்தார்கள், வில்சனும் பவர்ஸும் உட்பட. ஒருவர் தோல் போட்டார், இன்னொருவர் துணி போட்டார், அதனால்தான் என்று இணையத்தில் ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். வண்டியை நாய் இழுத்தால் மனிதன் தோல் உடுப்பில் சும்மா கூட வரலாம். மனிதனே இழுத்தால் தோல் உடுப்பில் வெந்துபோவான், அப்போது கம்பளியும் கபர்டீனும்தான் சரி. உடுப்பைத் தீர்மானித்தது யார் இழுப்பது என்கிற கேள்வி. அமுண்ட்சென்கூடத் தப்பு செய்தார். அவசரப்பட்டு 1911 செப்டம்பர் 8ஆம் தேதியே கிளம்பி, மைனஸ் 56 டிகிரியில் குதிகால்கள் உறைந்து, ஒரு வாரத்தில் முகாமுக்கு ஓடி வந்தார்கள். அந்த ஓட்டத்தில் தலைவரே பின்னால் வந்தவர்களை விட்டுவிட்டு முந்திப் போனார். தளர்ந்துபோன ஒருவரைக் கூட்டிக்கொண்டு நள்ளிரவுக்குப் பின் வந்து சேர்ந்தவர் நம்ம யோஹான்சென்தான், சட்டை சுரண்டியவர். மறுநாள் அமுண்ட்சென்னை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அதற்குத் தண்டனையாகத் துருவப் பயணத்திலிருந்து அவரை நீக்கினார்கள்.

மூன்று முட்டைக்காரர்கள் திரும்பி வந்த பிறகு ஸ்காட் தன் நாட்குறிப்பில் ஒரு விஷயத்தைப் பதிந்திருக்கிறார். எஸ்கிமோக்களின் தோல் உடுப்பு நம்முடைய நாகரிக உடுப்பைவிட மேலானதோ என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம் ஓடுவதாகவும், ஆனால் அது நமக்குக் கிடைத்திருக்காது என்றும். துருவத்துக்குக் கிளம்ப மூன்று மாதம்கூட இல்லாத நிலையில் எழுதியது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கும். மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

*

அமுண்ட்சென்னைப் பாராட்டி எழுதியவை எல்லாவற்றிலும் ஒன்று உறுத்தியது. அவர் கற்றுக்கொண்டார், சரி. அவருடைய முதல் தோல் உடுப்பைத் தைத்தது யார்? எந்தப் பெண், எத்தனை நாளில்? தைத்தவளின் பெயர் எந்தப் பட்டியலிலும் என் கண்ணில் படவில்லை.

ராபர்ட் பியரி 1908இல் வடதுருவத்துக்குக் கிளம்பியபோது ரூஸ்வெல்ட் கப்பலில் கிரீன்லாந்தின் இனுக்விட் மக்கள் 49 பேரை ஏற்றிக்கொண்டார். ஆண்கள் 22, பெண்கள் 17, குழந்தைகள் 10. பியரி ஏற்கெனவே பனிக்கடியில் எட்டுக் கால்விரல்களை இழந்தவர், காலணியின் அருமை தெரிந்தவர். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தப் பெண்கள் கப்பலிலேயே உட்கார்ந்து குழுவினர் எல்லோருக்கும் தோல் உடுப்பு தைத்தார்கள். துருவத்தின் கடைசிக் கட்டத்துக்கு பியரியோடும் மாத்யூ ஹென்சனோடும் போன நான்கு இனுக்விட் ஆண்களின் பெயர்கள் எல்லாப் புத்தகத்திலும் உண்டு: ஊட்டா, எகிங்வா, சீக்லு, ஊக்வியா. 17 பெண்கள் 17 என்ற எண்ணாகவே நின்றுவிட்டார்கள். உண்மையாகவே துருவத்தைத் தொட்டார்களா என்று நூறு வருடமாகச் சண்டை போடுகிறார்கள். அவர்கள் போட்டிருந்த உடுப்பைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

தையலுக்கென்றே சம்பளம் பேசிக் கூட்டிப்போய், பெயரும் நிலைத்துவிட்ட ஒரு பெண் இருக்கிறார். ஏடா பிளாக்ஜாக். அலாஸ்காவைச் சேர்ந்த இன்யூபியாட் பெண். 1921இல் அவருக்கு 23 வயது. பெற்ற மூன்று குழந்தைகளில் இரண்டு இறந்துவிட்டன. கணவன் கைவிட்டுவிட்டான். மிச்சமிருந்த ஐந்து வயது மகன் பென்னட்டுக்குக் காசநோய். அவனை நடத்தியும் தூக்கியும் நாற்பது மைல் கடந்து நோம் நகரத்துக்கு வந்தவர், வைத்தியத்துக்குப் பணம் இல்லாமல் அநாதை விடுதியில் விட்டார்.

அந்தச் சமயம் வில்யால்மர் ஸ்டெஃபான்சன் என்ற பயணி சைபீரியாவுக்கு வடக்கே இருக்கும் ரேங்கல் தீவில் குடியேற்றம் ஏற்படுத்த நான்கு இளைஞர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் கூடப் போகவில்லை. ஆர்க்டிக் நட்பான இடம், தெரிந்தவன் சௌகரியமாக வாழலாம் என்பது அவருடைய கொள்கை. உடுப்பு தைக்கப் பெண் வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பல இனுயிட் குடும்பங்கள் வருகிறோம் என்று சொல்லிக் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டன. மாதம் 50 டாலர் என்றதும் ஏடா போனார். மகனைத் திரும்பக் கூட்டிவர அந்தப் பணம் போதும்.

அவர் நகரத்தில், மிஷன் பள்ளியில் வளர்ந்தவர். சமைக்கத் தெரியும், தைக்கத் தெரியும், பைபிள் வாசிக்கத் தெரியும். வேட்டை தெரியாது, துப்பாக்கி பிடித்ததில்லை, பனிக்கரடி என்றால் நடுக்கம்.

1922 கோடையில் வர வேண்டிய கப்பலைப் பனி தடுத்துவிட்டது. சாப்பாடு தீர்ந்தது. 1923 ஜனவரியில் மூன்று ஆண்கள் உதவி தேடிப் பனிக்கடலைக் கடந்து சைபீரியாவுக்கு நடந்தார்கள், அதன்பின் அவர்களை யாரும் பார்க்கவில்லை. நான்காமவரான லார்ன் நைட் ஸ்கர்வியில் படுத்துவிட்டார். ஏடா அவருக்குச் சமைத்து, விறகு பொறுக்கி, பொறி வைத்து நரி பிடித்து, துடைத்துப் பார்த்துக்கொண்டார். படுத்தவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஜூனில் இறந்தார். அதற்குப் பிறகு அந்தத் தீவில் இருந்தது ஏடாவும் விக் என்ற பூனையும்.

சுடக் கற்றுக்கொண்டார். கரடி வருகிறதா என்று பார்க்க உயரத்தில் ஒரு மேடை கட்டினார். தோல் போர்த்திய படகு செய்தார். ஆங்கிலத்தில் ஒரு நாட்குறிப்பும் எழுதினார், சின்னச் சின்ன வாக்கியங்களில். சாகசம் ஒன்றும் அதில் இல்லை. பொறியில் என்ன விழுந்தது, எவ்வளவு விறகு, இன்று என்ன தைத்தேன். 1923 ஆகஸ்டில் கப்பல் வந்தபோது அந்தப் பயணத்தில் மிஞ்சியிருந்தது தையல்காரி மட்டும்தான்.

புத்தகம் எழுதிப் பணம் பார்த்தவர் ஸ்டெஃபான்சன். நைட்டைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஏடாமேல் ஒரு பழியும் பத்திரிகைகளில் ஓடியது. அவர் வீரர் என்று அழைக்கப்படுவதை விரும்பவில்லை, மகனிடம் போகத்தான் உயிரோடு இருந்தேன் என்கிற மாதிரிதான் பேசினார். கிடைத்த சம்பளத்தோடு பென்னட்டை அழைத்துக்கொண்டு சியாட்டிலுக்கு வைத்தியம் பார்க்கப் போனார். பையன் பிழைத்தான். ஏடா 1983 வரை, 85 வயது வரை அலாஸ்காவில் வாழ்ந்தார். அவர் தைத்த உடுப்புகளில் மூன்றைப் போட்டுக்கொண்டு போனவர்கள் அந்தப் பனிக்கடலில் எங்கேயோ இருக்கிறார்கள்.